பாதி சார்ஜ்

அவர் வருமுன்னே அவர் வாடை வரும்,
லைன் வீட்டின் ஆறு கதவையும் தாண்டி.
இருபத்திரண்டு வருசம்.
வாசலிலேயே மோந்து பார்த்து
இன்றைக்கு எத்தனை என்று சொல்லிவிடுவேன்.
நிட்டிங் கம்பெனியில் பஞ்சு பறக்கும்,
உள்ளே நெருப்புக் கூடாது.
மணிக்கொருதரம் கேட்டுக்கு வெளியே போய்
ஒன்று.
ஊசி மாற்றும் ஃபிட்டருக்கு
நெஞ்சில் பாதி பஞ்சு,
மீதிப் பாதி அந்த ஒன்று.

போன தையில் மஸ்கட்டிலிருந்து வந்த என் தம்பி மயில்சாமி
துண்டுக்குள் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தான்:
உதட்டுச்சாயக் குப்பி போல ஒன்று, நீல விளக்கு வைத்து.
"நெருப்பில்லைங் மாமா, சாம்பலில்லை.
இதைப் புடிச்சு அதை விட்டுருங்கோ."
விட்டார்.
நம்பமாட்டீர்கள், விட்டார்.
விடியற்காலையில் அவர் இருமலுக்கு எழுந்து பழகிய நான்
அலாரம் வைக்க வேண்டியதாயிற்று.

ஊர் சும்மா இருக்குமா.
டீக்கடை செல்லாண்டி,
கயிற்று நுனியில் நாள் முழுக்கக் கங்கு காப்பவர்,
அழுகின தொண்டைப் படம் போட்ட பாக்கெட்டை
யாருக்கோ எடுத்து நீட்டிக்கொண்டே கேட்டார்:
"ஏனுங் ஃபிட்டர், அது போதைச் சாமானாமா?
நமக்கெதுக்குங் அந்தக் கருமம்."
பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் மட்டும்
"ஊதுபத்தி மாத்திட்டீங்களா, மாம்பழமாட்ட மணக்குது" என்றாள்.
ஆமாம் என்றேன்.

கோயமுத்தூர் டாக்டரம்மா
எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்:
"கெடுதல் குறைச்சலா இருக்கலாம்.
குறைச்சல்னா நல்லதுன்னு அர்த்தமில்லை.
சீட்டுல எழுதித் தர முடியாது."
எழுத முடியாத மருந்துக்கு எத்தனை வேளை என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

புஷ்பா ரவுண்டானாவில் வண்டிச் சோதனை.
பீடிக்கட்டென்றால் போலீஸ்காரரே ஒன்று கேட்டு வாங்கியிருப்பார்.
இது தடை செய்ததாயிற்றே.
அவர் பையிலிருந்து என் கைக்கு வந்து
என் கையிலிருந்து ரவிக்கைக்குள் போய்
தாலிக்கொடியோடு உரசிக்கொண்டு கிடந்தது அரை மணி நேரம்.
விற்கலாம் என்று சட்டம் விட்டது
அவரைத் தின்றுகொண்டிருந்தது.
கூடாது என்றது கொஞ்சம் மூச்சு விட வைத்தது.
சட்டம் போட்டவர்களை மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன்,
காங்கயம் ரோடு வரைக்கும்.

அந்தக் கோபம் செவ்வாய்க்கிழமை வரை இருந்தது.

செவ்வாய், ஆர்டர் கேன்சல்.
செக்கிங் டேபிளிலிருந்து பதினோரு பேரை
மத்தியானமே அனுப்பிவிட்டார்கள்.
வீட்டில் யாருமில்லை.
அவர் மறந்துவிட்டுப் போனது
ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது.
சிகரெட்டாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன்.
தொட்டிருந்தாலும் நாற்றமே காட்டிக் கொடுத்திருக்கும்,
எங்கள் சனம் நோம்பிக்கு நோம்பி சொல்லிக் காட்டியிருக்கும்.
இதுவோ மாம்பழம்.

ஒரு இழுப்பு.
தொண்டையில் சுருக்கென்றது, அப்புறம் தலைக்குள்
யாரோ ஜன்னல் திறந்த மாதிரி.
இன்னொன்று.
கேன்சலான ஆர்டர் சித்தத் தள்ளிப் போய் நின்றது.
பிறகு எண்ணவில்லை.

அவருக்கு அது இறங்குகிற படி.
அதே படியில் என் கால் மேலே போய்க்கொண்டிருந்தது.
படியைச் சொல்வதா, காலைச் சொல்வதா,
யோசிக்கலாம் என்று
மறுபடி வாயில் வைத்தேன்.

ஆறரைக்கு வந்தார். எடுத்துப் பார்த்தார்.
"காத்தால இருந்து சொருகியுமா பாதி சார்ஜ்?"
"கரண்ட் போயிருச்சுங்" என்றேன்.
தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அண்ணாந்து அதை ஒரு தரம் பார்த்தார்.
பிறகு ஒன்றும் பேசாமல்
என் பக்கம் சாய்ந்து
மோந்து பார்த்தார்.